ரிதம் பேட் வேம்பு

வேம்புவைப் பிடிக்காதவர்கள் யார் யார் என்று சொல்லப் போனால் அவள் வீட்டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். அப்பா மாரியப்பனுக்குப் பிடிக்காது. அண்ணன் பக்கிரிக்குப் பிடிக்காது. நாணல்குடி மேலத்தெருவுக்கு அவள் பெயரைக் கேட்டாலே எரியும். நாகப்பட்டினத்தில் அவளுக்கு வேலை கொடுத்த மீரா உசேன் பாய்கூட ரொம்ப நாள் அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றிருந்தார். இதற்கெல்லாம் வேம்பு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "எனக்கும் அவங்களை ஒண்ணும் புடிச்சுக் கெடக்கல" என்பாள்.

நாணல்குடி கீழ்வேளூருக்குக் கிழக்கே இருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மிராசுதார்களின் மேலத்தெரு, இந்தப் பக்கம் காலனி. மாரியப்பன் காலனிக்காரர். நடவும் அறுப்பும் போக, மேலத்தெருவில் சாவு விழுந்தால் பறையடிக்கப் போவதும் அவர் குடும்பத்தின் தலையில் கட்டியிருந்த வேலை. கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் ஊர் ஊராகக் கொடி ஏற்றிய காலத்தில் காலனி ஒன்றுகூடி, இனி எவர் வீட்டுச் சாவுக்கும் அடிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தது. முடிவெடுத்த ஈரம் காய்வதற்குள் பெரிய மிராசுதார் செத்துப்போனார். அவர் மகன் துரைராசு ஆள் அனுப்பினார். மாரியப்பன் வாசலுக்கே போய், "வர மாட்டோமுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். வழியில் களத்துமேட்டில் மறித்துக்கொண்டார்கள். மண்வெட்டிக் காம்பால் அடித்த அடியில் வலது மணிக்கட்டு இரண்டாகப் போயிற்று. எலும்பு கோணலாகச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையால் அரிவாள் பிடிக்க முடியவில்லை.

அந்த வாரமே காலனியில் இருந்த பறைகளையெல்லாம் பொட்டலில் குவித்துக் கொளுத்தினார்கள். வேம்பு அப்போது கைக்குழந்தை. அவள் வளர்ந்த வீட்டில் சத்தமாகச் சோற்றுப்பானையைத் தட்டினால்கூட அடி விழும். வேம்புவோ எதையாவது தட்டிக்கொண்டே இருப்பவள். தண்ணீர்க் குடம், சாக்கு மூட்டை, கதவு, தன் தொடை. அடி வாங்குவாள், அடுத்த நிமிஷம் வேறொன்றைத் தட்டுவாள்.

பூதலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே நிலைமை வேறு. புருஷன் வீட்டில் இன்னமும் சாவுக்கு அடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சும்போது தோல் முறுக்கேறுவதையும், இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி, வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி என்று பிடிப்பதையும், பாடை தூக்கும்போது ஓர் அடி, இறக்கி வைக்கும்போது வேறோர் அடி என்று மாறுவதையும் அவள் கொல்லையில் நின்று பார்த்தாள். தொட விடவில்லை. ஒரு நாள் ஆளில்லாத நேரத்தில் எடுத்து அடித்துப் பார்த்தாள். புருஷன் வந்து அறைந்தான். கையில் இருந்த குச்சியாலேயே இவள் திருப்பி விட்டாள். அதோடு அந்தக் கல்யாணம் முடிந்தது.

திரும்பி வந்தவளை வீட்டில் யாரும் வா என்று கூப்பிடவில்லை. பக்கிரி சங்கத்தில் ஊர்ச் செயலாளர் ஆகியிருந்தான். வாழாவெட்டித் தங்கையால் சங்கக் கூட்டத்தில் தனக்குத் தலைக்குனிவு என்று நினைத்தான், அதை அவள் காதுபடவே சொன்னான். வேம்பு மறு நாளே பஸ் ஏறி நாகப்பட்டினம் போய் வேலை தேடினாள்.

மீரா உசேன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கேசட் பதிவு செய்து கொடுப்பார், ரேடியோ பழுது பார்ப்பார், அதோடு ஓர் இன்னிசைக் குழுவும் நடத்தினார். கோயில் திருவிழா, கல்யாணம், தலைவர் வந்து சேரும் வரை கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்சி மாநாடு, எல்லாவற்றுக்கும் அவர் வேன் போகும். வேம்பு தினமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்க் கடையைப் பெருக்கி, ஒயர்களைச் சுருட்டி, சிக்கிய கேசட் நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றிக் கொடுத்தாள்.

அந்தக் கடையில் ஓர் எலக்ட்ரானிக் ரிதம் பேட் தூங்கிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து பாய் ஆசையாக வாங்கி வந்தது. பெட்டி மேல் சதுரம் சதுரமாக எட்டு ரப்பர் தட்டுகள். எந்தத் தட்டில் எந்தச் சத்தம் வேண்டும் என்று எண் வைத்துவிட்டால் போதும். ஒன்றில் தபேலா, ஒன்றில் உருமி, ஒன்றில் பீங்கான் உடைகிற சத்தம். குழுவில் டிரம்ஸ் வாசித்த நீலமேகம் அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். "கட்டையும் தோலும் வாசிச்ச கை பாய் இது. ரப்பரைத் தட்டுறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

வேம்பு சாப்பாட்டு நேரத்தில் தட்டினாள். கடைப் பையன்கள் சாப்பிடப் போன பிறகு ஸ்பீக்கரை மெதுவாக வைத்து, ரேடியோவில் ஓடுகிற பாட்டுக்குச் சேர்த்துத் தட்டினாள். ஒரு மத்தியானம் பாய் பின்வாசல் வழியாக வந்தவர் நின்று கேட்டார். பாராட்டவில்லை. அவர் கணக்கு வேறு. நீலமேகத்தின் டிரம்ஸ் வேனில் பாதியை அடைத்துக்கொண்டது. இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். பொம்பளை ஒருத்தி வாசிக்கிறாள் என்றால் கூட்டமும் சேரும்.

"வெள்ளிக்கிழமை வேளாங்கண்ணி ரோட்டுல ஒரு கல்யாணம். வர்றியா?" என்றார்.

நீலமேகம் அன்றே குழுவை விட்டுப் போனான். போகும்போது வேம்புவைப் பார்த்து, "என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்ட. நல்லாரு" என்றான்.

"நான் போடல. நீதான் தொட மாட்டேன்ன" என்றாள் அவள்.

மேடை ஏறிய பிறகுதான் வேம்புவுக்கு அந்தப் பெட்டி மேல் கோபம் வந்தது. ரப்பருக்கு உயிர் இல்லை. விரலால் வருடினாலும் குச்சியால் சாத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம். தோலில் ஓரத்தில் அடித்தால் ஒன்று, நடுவில் அடித்தால் ஒன்று, ஒரு கையால் அமுக்கிக்கொண்டு அடித்தால் ஒன்று. ரப்பருக்கு அதெல்லாம் தெரியாது. கரண்ட் போனால் அது வெறும் செருப்புத் தோல் மாதிரி டொக் டொக் என்றது.

ஒரு நாள் தட்டு ஒன்று வேலை செய்யாமல் போய், கடையில் பெட்டியைக் கழற்றினார்கள். ஒவ்வொரு ரப்பருக்கு அடியிலும் நாணயம் அளவு மெல்லிய பித்தளைத் தகடு ஒட்டியிருந்தது. வாசல் மணிக்குள் கீச்சென்று கத்துவதற்கு வைத்திருப்பார்களே, அதே தகடு. கரண்ட் கொடுத்தால் அது கத்தும். தட்டினால் அது கரண்ட் கொடுக்கும். அந்தக் கரண்ட்டைத்தான் பெட்டி சத்தமாக மாற்றுகிறது. அடியில் தகடு இருந்தால் போதும், மேலே ரப்பர்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அடுத்து அவள் செய்தது தஞ்சாவூர் போய் ஒரு பறை வாங்கி வந்ததுதான். அதன் உள்பக்கத்தில் தகட்டை ஒட்டி, ஒயரைப் பெட்டியின் பின்னால் இருந்த துளையில் சொருகினாள். முதலில் எல்லாம் கோளாறு. ஓர் அடி அடித்தால் இரண்டு கேட்டது. பக்கத்து ஸ்பீக்கர் அதிர்ந்தால் யாரும் தொடாமலே பெட்டி உறுமிற்று. ஸ்பாஞ்சை வெட்டி வைத்தாள், எடுத்தாள், வேறு இடத்தில் வைத்தாள். கார்த்திகை ஈரத்தில் தோல் தொய்ந்துபோகும். மேடையில் வைக்கோல் கொளுத்த முடியாது என்று ஒரு குண்டு பல்பை அடியில் எரியவிட்டுக் காய்ச்சினாள். தோலுக்கு முன்னால் ஒரு மைக்கும் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அடித்தால் தோலின் சொந்தச் சத்தமும் பெட்டிக்குள்ளிருந்து வருகிற சத்தமும் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. இடி போலவும் இருந்தது, இரும்பு போலவும் இருந்தது, ஆனால் கை தெரிந்தது. கேட்டவர்கள், "அது என்ன வாத்தியம்?" என்று பாயிடம் வந்து விசாரித்தார்கள். குழுவுக்கு அழைப்பு கூடியது.

பாய் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கோயில் மேடையில இது பறைன்னு தெரிஞ்சா வேனைக் கொளுத்திடுவானுவ. துணி போட்டு மூடிக்க. ரப்பருன்னே நெனச்சுக்கட்டும்."

வேம்பு மூடிக்கொண்டாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. துணி மேல் அடிக்கும்போதெல்லாம் யாரையோ அடிக்கிற மாதிரி அடித்தாள்.

வீட்டில் தெரிந்துபோனது மழைக்காலத்தில். நாகப்பட்டினத்துக் கடையில் ஒழுகிற்று என்று அதைச் சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்திருந்தாள். பக்கிரி சாக்கை அவிழ்த்தான்.

"என்னடி இது?"

"பாத்தா தெரியல?"

"அப்பாவுக்குக் கை எதுக்கு ஒடிஞ்சுது? சொல்லு. எதுக்கு ஒடிஞ்சுது?"

"அவங்க சாவுக்கு அடிக்க மாட்டேன்னு சொன்னதுக்கு ஒடிஞ்சுது. காலத்துக்கும் எதையும் அடிக்கவே மாட்டேன்னா அவரு சொன்னாரு?"

"சங்கம் கொளுத்தினத நீ வூட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்க. நாளைக்கு ஒரு பய என்னைப் பாத்து, உன் தங்கச்சியே அடிக்கிறா, நீ வந்து எங்க பொணத்துக்கு அடின்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"அடிக்க முடியாதுன்னு சொல்லு. அதச் சொல்ல ஒனக்கு என் பறையைக் கொளுத்தணுமா?"

பக்கிரி கூரை இறவாணத்தில் செருகியிருந்த அரிவாளை எடுத்துத் தோலை நடுவில் கிழித்தான். வேம்பு அவன் மேல் பாய்ந்தாள். மாரியப்பன் நல்ல கையால் அவள் தலைமுடியைப் பிடித்து விலக்கினார்.

"வெளியே போ. இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத" என்றார்.

அவர் அதட்டிக்கூடச் சொல்லவில்லை. வேம்பு கிழிந்த பறையை எடுத்துக்கொண்டு மழையோடு நடந்தாள். நாகப்பட்டினத்தில் கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்துக்கொண்டு வேறு தோல் கட்டினாள்.

அந்தக் காலத்தில்தான் கடலோரத்து நஞ்சைகளில் இறால் குட்டைகள் முளைத்தன. துரைராசு தன் நிலத்தில் பெரும் பங்கை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். நெல் விளைந்த இடத்தைத் தோண்டி, மோட்டார் வைத்து உப்புத்தண்ணீரை இறைத்து நிரப்பினார்கள். காலனிக் கிணறுகளில் தண்ணீர் கரித்தது. நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. துரைராசுவுக்கு மேலேயும் ஆள் இருந்தது. எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் அவர் வேட்டியின் கரை ஒரு வாரத்தில் அந்தக் கழகத்தின் நிறத்துக்கு மாறிவிடும். பக்கிரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு, கம்பெனி வண்டிகள் குட்டைகளுக்குப் போகிற வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு மறியலில் உட்கார்ந்தான்.

மறியல் நடந்துகொண்டிருந்தபோதே மேலத்தெரு மாரியம்மன் திருவிழா வந்தது. துரைராசுதான் தர்மகர்த்தா. எதிரே பந்தலில் கோஷம் போடுகிறவர்களின் சத்தம் அமுங்கிப் போகிற மாதிரி பெரிய கச்சேரியாக வேண்டும் என்றார். பாய் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

"அது என் ஊரு. நான் வரல" என்றாள் வேம்பு.

"வாக்குக் குடுத்துட்டேனே."

மூன்றாம் நாள் அவள் தானாகவே வருகிறேன் என்றாள். காரணம் கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள். அண்ணன் மேல் இருந்த கோபம் பாதி. காலனியில் பிறந்த எவரும் அந்தத் தெருவில் தரையை விட்டு ஓர் அடி உயரத்தில் நின்றதில்லை என்பது மீதி. அண்ணன் பந்தலில் தொண்டை கிழியக் கத்துவதை அமுக்கத்தான் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் போனாள்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கச்சேரி தொடங்கியது. கோயிலுக்கு எதிரே மேடை. மேலத்தெரு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் காலனி நின்றிருந்தது. பந்தலில் இருந்தவர்களும் எழுந்து பாலத்தடிக்கு வந்திருந்தார்கள். பக்கிரி முன்னால் நின்றான். வேம்புவை அடையாளம் கண்டதும் அவன் கீழே துப்பியது மேடையிலிருந்தே தெரிந்தது. அவள் அடியை இன்னும் ஓங்கினாள்.

மூன்றாவது பாட்டு நடக்கும்போது கூட்டத்தின் ஓரத்தில் நீலமேகத்தைப் பார்த்தாள். தோல் வாசித்த அவன் காதுக்கு, துணிக்கு அடியில் இருப்பது ரப்பர் இல்லை என்று சத்தத்திலேயே தெரிந்திருக்கும். அவன் குனிந்து துரைராசுவின் காதில் என்னவோ சொன்னான். துரைராசு எழுந்து நேரே மேடைக்கு வந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, புதுக்கரை வேட்டி.

"பாட்டை நிறுத்து" என்றார்.

பாடகர் நிறுத்தினார். துரைராசு வேம்புவுக்கு முன்னால் இருந்த துணியைப் பிடித்து உருவினார். தோலும் சட்டமும் பளிச்சென்று வெளியே வந்தன. மைக் திறந்தே இருந்ததால் அவர் பேசியது பாலம் வரை கேட்டது.

"ரப்பர் மெஷினுன்னு சொன்னியே பாய். இது என்ன?"

"செட்டோட சேந்ததுங்க... மெஷினுக்கு ஒயரு போகுது பாருங்க..." என்று பாய் குழறினார்.

"மாட்டுத்தோலுக்கு ஒயரு வச்சா மெஷினா? இவ யாரு தெரியுதா? மாரியப்பன் மவ."

நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து ஒருவன், "இழுத்துப் போடுங்க கீழ" என்றான். துரைராசு கையை உயர்த்தி அவனை அடக்கினார். அவருக்கு அதைவிட நல்ல யோசனை வந்திருந்தது.

"எங்கப்பாரு செத்தப்ப இவ அப்பன் என் வாசல்ல வந்து நின்னு அடிக்க மாட்டேன்னான். இன்னைக்கு இவளா வந்து அம்மனுக்கு நேரா பறையோட நிக்கிறா. நல்லதாப் போச்சு. ஏய், அடி. எங்கப்பாருக்கு அடிக்க வேண்டிய சாவு அடியை இப்ப அடி. மைக்குல அடி. பாலத்துல நிக்கிற உன் ஆளுவ அத்தன பேருக்கும் கேக்கணும். அடிச்சாதான் எறங்கலாம்."

பாலத்திலிருந்து பக்கிரி கத்தினான். "அடிக்காத! செத்தாலும் அடிக்காத!"

பாய் அவள் பக்கத்தில் வந்து கெஞ்சினார். "அடிச்சுடும்மா. கொஞ்ச நேரம். சாமானெல்லாம் மேடையில இருக்கு."

வேம்புவுக்கு அந்த இடத்தில் இருந்த எல்லார் மேலும் ஒரே அளவு வெறுப்பு வந்தது. அடி என்கிறவர் மேலும், அடிக்காதே என்கிறவன் மேலும், சாமான் போய்விடும் என்கிறவர் மேலும்.

"எந்த அடிங்க? தூக்கும்போது அடிக்கிறதா, எறக்கும்போது அடிக்கிறதா?" என்று கேட்டாள்.

துரைராசுவுக்கு முகம் மலர்ந்தது. "தூக்கும்போது."

அவள் குனிந்தாள். பெட்டியில் கடைசி எண்களில் வேடிக்கைச் சத்தங்கள் இருந்தன. பலகுரல் நிகழ்ச்சிக்கு வைத்திருந்தவை. தோலுக்கு என்று வைத்திருந்த எண்ணை மாற்றி, அவற்றில் ஒன்றை வைத்தாள். தோலுக்கு முன்னால் இருந்த மைக்கை அணைத்தாள். நிமிர்ந்து, குச்சிகளைப் பிடித்து, பூதலூர்க் கொல்லையில் கேட்டபடியே, ஓர் அடி பிசகாமல் பாடை தூக்கும் அடியை அடித்தாள்.

ஸ்பீக்கரில் வாத்து கத்தியது.

அறுவடை முடிந்த வயலில் மேய்ச்சலுக்கு இறக்கிவிட்ட வாத்துக் கூட்டம் மொத்தமும் பெரிய மிராசுதாரின் பாடைக்குப் பின்னால் வரிசை கட்டிப் போகிற மாதிரி, தாளம் தப்பாமல், க்வாக் க்வாக் என்று கத்தியது. ஓரத்தில் அடித்தாலும் வாத்து, நடுவில் அடித்தாலும் வாத்து. அடியை வேகப்படுத்தினாள். வாத்துகள் ஓடின.

யாருக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு நாற்காலி வரிசையிலேயே, மேலத்தெருப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பின்வரிசை இளவட்டங்கள் அடக்க முடியாமல் சிரித்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு வாய்க்கால் கரையோடு ஓடியது.

துரைராசுவின் ஆட்கள் மேடை ஏறினார்கள். ரிதம் பேட்டைத் தூக்கி அடித்ததில் நாலு தட்டுகள் பெயர்ந்தன. கீபோர்டை மிதித்தார்கள். பாயின் கன்னத்தில் அறை விழுந்தது. வேம்புவின் இடது காதோடு சேர்த்து ஒருவன் விட்ட அறையில் அவளுக்கு உலகம் நின்று போனது. விழுந்த இடத்தில் பறையை மார்போடு அணைத்துக்கொண்டு, எட்டி உதைத்தவன் ஆடுசதையில் பல் பதியக் கடித்தாள். திருவிழாக் காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர் குழுவினரை வேனுக்குள் தள்ளி, "ஓட்டுய்யா, ஓட்டு" என்று அனுப்பிவைத்தார்கள்.

வேன் நாகப்பட்டினம் ரோட்டில் ஏறியதும் பாய் அதை நிறுத்தச் சொல்லி, "எறங்கு" என்றார். வேம்பு இறங்கினாள். உடைந்த பெட்டியையும் அவள் காலடியில் வைத்தார். "இதையும் எடுத்துக்கிட்டுத் தொலை. என் கண்ணுல படாத."

விடிவதற்குள் மறியல் பந்தலைக் கொளுத்திவிட்டார்கள். திருவிழாவில் கலகம் செய்ததாகக் காலனி ஆட்களைத்தான் பிடித்துப் போனார்கள். அதில் பக்கிரியும் ஒருவன். ஆள் இல்லாத மதகு வழியாகக் கம்பெனி வண்டிகள் உள்ளே போயின. வேம்பு கிளைச் சிறைக்குப் போய் அண்ணனைப் பார்த்தாள். காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

"ஒனக்குச் சிரிப்பு. எங்களுக்குப் பந்தலு போச்சு" என்றான் பக்கிரி.

"பந்தலைக் கொளுத்தினவன் துரைராசு. அவனைக் கேளு."

"நீ அந்த மேடையில ஏறாம இருந்திருந்தா?"

"ஏறாம இருந்தா எறால் குட்டையை மூடிட்டு நெல்லு வெதச்சிருப்பானா? அன்னைக்கு அப்பா கையை ஒடைச்சப்ப நான் எந்த மேடையில நின்னேன்?"

பக்கிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேம்பு கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைக் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தாள். அவன் சாப்பிட்டானா என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஆனால் மேலத்தெரு எதை வேண்டுமானாலும் கொளுத்தியிருக்கலாம், ஒரு பெயரை மட்டும் அழிக்க முடியவில்லை. துரைராசு அன்றிலிருந்து வாத்து மிராசு ஆனார். டீக்கடையில் அவர் தலை தெரிந்தால் யாராவது இருமுகிற மாதிரி க்வாக் என்பார்கள். அடுத்து வந்த பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். அவர் பேசின கூட்டத்தில் இருட்டான பக்கத்திலிருந்து வாத்துச் சத்தம் வந்தபடியே இருந்தது. தோற்றுப்போனார். சத்தத்தால்தான் தோற்றார் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் அப்படித்தான் நம்பினார். வேம்பு நாணல்குடிக்குள் கால் வைத்தால் காலை எடுத்துவிடுவேன் என்று ஆள் மேல் ஆள் வைத்துச் சொல்லியனுப்பினார். இறாலுக்கு நோய் வந்து குட்டை குட்டையாகச் செத்து மிதந்தபோது கம்பெனிக்காரர்கள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நிலத்தில் உப்பு நின்றது. பல வருஷம் அங்கே புல்லும் முளைக்கவில்லை. காலனியில் பாதிப் பேர் திருப்பூருக்குப் போனார்கள்.

மாரியப்பன் அந்தச் சாயங்காலம் வீட்டில்தான் படுத்திருந்தார். ஸ்பீக்கர் சத்தம் அங்கேயும் வந்தது. வாத்து கத்த ஆரம்பித்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து, இருமல் வருகிற வரை சிரித்தார் என்று பக்கத்து வீட்டு ராஜாத்தி பின்னாளில் ஒரு பஸ்ஸில் வேம்புவிடம் சொன்னாள். "தூக்குற அடி அச்சு அசலா வுழுவுதுன்னாரு, பாத்துக்க" என்றாள். வேம்பு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "என்கிட்ட சொல்லலையே" என்றாள். அவர் சொல்லவில்லை. வீட்டுப் படி ஏறவும் கூப்பிடவில்லை. அவர் செத்தபோது பக்கிரி ஆள் அனுப்பினான். இவள் போய், எல்லாரோடும் நின்று, எடுத்தவுடன் திரும்பிவிட்டாள்.

அவளை வேலைக்கு வைத்துக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. நாகப்பட்டினத்துக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் கதை தெரியும். கடைசியில் பட்டுக்கோட்டையில் ஜெயா என்று ஒரு பாடகி, சொந்தமாகக் குழு நடத்தியவள், சேர்த்துக்கொண்டாள். ஜெயாவுக்கும் வாய் நீளம். இரண்டு பேரும் வேன் புறப்படும்போது சண்டை பிடிக்கத் தொடங்கினால் மேடை ஏறும்போதுதான் நிறுத்துவார்கள். வேம்பு உடைந்த பெட்டியில் மிச்சமிருந்த நாலு தட்டுகளை வைத்தே வாசித்தாள். பிறகு புதுப் பெட்டி வந்தது. தோல் மட்டும் மாறவில்லை. ஒரு பறை மூன்றானது, ஒவ்வொன்றுக்கு அடியிலும் ஒரு தகடு. இடது காது பாதிதான் கேட்டது என்பதால் ஸ்பீக்கரை எப்போதும் வலப்பக்கம் வைக்கச் சொல்லி ஒலிபெருக்கிக்காரர்களோடு மல்லுக்கு நிற்பாள். ஒப்புக்கொள்வதற்கு முன்பே விழாக் கமிட்டியிடம் தானே போய், "பறை மேடையில தெரியும். மூட மாட்டேன். சம்மதமுன்னா வர்றோம்" என்று சொல்லிவிடுவாள். பல ஊர்கள் வேண்டாம் என்றன. ஜெயா திட்டுவாள். சில ஊர்கள் சரி என்றன. காலனித் தெருக்களிலேயே சிலர் வந்து, அதை ஏன் மறுபடியும் எடுத்தாய் என்று சண்டைக்கு நின்றார்கள். அவர்களோடும் சண்டை போட்டாள்.

சில வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் குழுவின் வாடகை வீட்டு வாசலில் நீலமேகம் வந்து நின்றான். இளைத்திருந்தான். எல்லாக் குழுவும் பேட்டுக்கு மாறிவிட்டதில் டிரம்ஸ் வாசிக்கிறவர்களைக் கூப்பிட ஆளில்லை. அவனோடு மீரா உசேன் பாயும் வந்திருந்தார். பாய்க்குக் கோபம் எப்போதோ ஆறியிருந்தது, தலை நரைத்திருந்தது.

"ஏதாவது சில்லறை வேலையாவது குடும்மா. ஸ்டாண்டு மாட்டுறது, ஒயரு இழுக்கிறது. நல்ல கை அவனுக்கு" என்றார் பாய்.

நீலமேகம் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரப்பரும் பழகிக்கிறேன்" என்றான்.

வேம்பு இரண்டு பேருக்கும் டீ வாங்கி வரச் சொன்னாள். அவர்கள் குடித்து முடிக்கிற வரை காத்திருந்தாள்.

"நீ அன்னைக்கு அவரு காதுல என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

நீலமேகம் காலி கிளாஸைக் கீழே வைத்தான்.

"சொல்லு. என் நல்ல காதுப் பக்கம் வந்து சொல்லு."

"விடும்மா. பழசு. மன்னிச்சு விடேன்" என்றார் பாய்.

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க பாய். உங்களுக்கு இன்னொரு டீ சொல்லவா?"

பாய் வேண்டாம் என்றார். இரண்டு பேரும் எழுந்து தென்னந்தோப்பு ஓரமாக பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். உள்ளே இருந்து ஜெயா, "ஒரு ஆளு வேணுமின்னு நீதான நேத்து கத்தின? வந்தவனை ஏண்டி வெரட்டுற?" என்று சத்தம் போட்டாள். வேம்பு அவளுக்கும் பதில் வைத்திருந்தாள். சாயங்காலக் கச்சேரிக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்வரை அந்தச் சண்டை நடந்தது.